உப்பும் காசோலையும்: ஈஸ்வரன் வழக்கு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மே 25ஆம் தேதி ஒரு காசோலை கைமாறியது. தொகை 5,700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கொடுத்தவர் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன். வாங்கியது ஃபார்முலா 1 இரவுப் பந்தயத்தை நடத்தும் சிங்கப்பூர் ஜிபி நிறுவனம். டோஹாவிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பிய பிஸினஸ் கிளாஸ் பயணத்தின் கட்டணம் அது. பயணம் நடந்ததோ 2022 டிசம்பரில். ஐந்து மாதத்துக்கு மேல் யாரும் கேட்காத பணம், யாரும் கட்ட நினைக்காத பணம், திடீரென்று கட்டப்பட்டது.

ஈஸ்வரனுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்ட வாரத்தில் தேக்கா நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் ஒருவர் சத்தமாகவே கேட்டார்: "டிக்கெட் காசைத் திருப்பிக் கட்டிட்டார்ல? அப்புறம் என்ன கேசு?" கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அன்று பதில் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனது கேட்கவில்லை. மேடைகளிலும் தமிழ் நிகழ்ச்சிகளிலும் நாம் பார்த்துப் பழகிய முகம் என்பதால் நம் ஆட்களில் பலருக்கு இந்த வழக்கு ஒரு சொந்தக் காயம் போல ஆகிவிட்டது. ஒரு பக்கம் "பாவம், மாட்டிக்கொண்டார்" என்கிறார்கள். இன்னொரு பக்கம் "எல்லாக் கட்சிக்காரனும் இப்படித்தான்" என்கிறார்கள். இரண்டுமே உண்மையைப் பார்க்கவிடாத பேச்சு. அதனால்தான் இதை நிதானமாக எழுதுகிறேன். அரசாங்க அமைப்பொன்றின் கொள்முதல் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அன்பளிப்பு என்ற சொல்லை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

முதலில் அந்தப் பயணம். 2022 டிசம்பர் 10, சனிக்கிழமை. கத்தாரில் உலகக் கிண்ணக் காற்பந்து நடந்துகொண்டிருந்த சமயம். ஹோட்டல் தொழிலதிபரும் சிங்கப்பூர் ஜிபி நிறுவனத்தின் பெரும்பங்குதாரருமான ஓங் பெங் செங்கின் அழைப்பில், அவருடைய தனி விமானத்தில் ஈஸ்வரன் டோஹா போனார். ஒரு ராத்திரி ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் தங்கினார். மறுநாள் பயணிகள் விமானத்தில் பிஸினஸ் கிளாஸில் திரும்பினார். தனி விமானப் பயணத்தின் மதிப்பு 10,410 வெள்ளி 40 காசு. ஹோட்டல் 4,737 வெள்ளி 63 காசு. திரும்பிய டிக்கெட் 5,700. ஆக மொத்தம் 20,848 வெள்ளியும் 3 காசும். மூன்று காசு வரை கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. வழக்கு ஆவணங்களில் என்னை நிறுத்திவைத்த இடம் இதுதான்.

ஈஸ்வரனுக்கும் ஓங்குக்கும் அலுவல் தொடர்பு இருந்தது. பந்தயத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்துக்கும் இடையே ஒப்பந்தம். அரசாங்கத்தின் தரப்பில் அதைக் கவனித்த ஃபார்முலா 1 வழிகாட்டுக் குழுவுக்குத் தலைவர் ஈஸ்வரன். 2008இல் தொடங்கிய பந்தயம் இது. 2022 முதல் 2028 வரைக்கும் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. மேசையின் ஒரு பக்கம் இவர், எதிர்ப்பக்கம் அவர்.

2023 மே மாதம் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு வேறொரு விவகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்தது. அதில் ஓங்கின் விமானத்தின் பயணிகள் பட்டியலைக் கைப்பற்றியது. ஓங் இதைத் தெரிந்துகொண்டு ஈஸ்வரனிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் "அந்தப் பயணத்துக்கு எனக்கு பில் போடச் சொல்லுங்கள்" என்று ஈஸ்வரன் கேட்டுக்கொண்டதும், நிறுவனம் பில் அனுப்பியதும், காசோலை போனதும். இந்த வரிசையைக் கவனியுங்கள். கட்டிய பணம் தப்பில்லை. கட்டிய நேரம்தான் தப்பு. கடனை அடைக்க எழுதிய காசோலை அல்ல அது, விசாரணை தன் பக்கம் திரும்பாமல் இருக்க எழுதியது. குற்றவியல் தண்டனைச் சட்டம் 204ஏ பிரிவு இதைத்தான் நீதிக்கு இடையூறு என்கிறது. தேக்கா மேசைக்காரரின் கேள்விக்குப் பதில் இங்கே முடிந்துவிடுகிறது.

ஜூலை 5ஆம் தேதி புலனாய்வுப் பிரிவின் இயக்குநர் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கைச் சந்தித்து முறையான விசாரணைக்கு ஒப்புதல் கேட்டார். மறுநாள் பிரதமர் ஒப்புதல் கொடுத்தார். 11ஆம் தேதி ஈஸ்வரனும் ஓங்கும் கைது செய்யப்பட்டார்கள். 12ஆம் தேதி அமைச்சர் விசாரணைக்கு ஒத்துழைக்கிறார் என்ற செய்தி வந்தது. கைது என்ற சொல் மக்களுக்குத் தெரிந்தது 14ஆம் தேதிதான். இந்த இரண்டு நாள் இடைவெளி எனக்கு அப்போதும் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. கைது நடந்திருந்தால் அதை அன்றே சொல்லியிருக்கலாம்.

விடுப்பில் அனுப்பப்பட்ட அமைச்சரின் சம்பளம் மாதம் 8,500 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்கான படி மட்டும் தொடர்ந்தது. செப்டம்பரில் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் ஹேசல் புவா அவரை இடைநீக்கம் செய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது தோற்றது. விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்ற ஆளும் தரப்பின் தீர்மானம் நிறைவேறியது. 2024 ஜனவரி 18இல் நீதிமன்றத்தில் 27 குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன. அமைச்சர் பதவி, நாடாளுமன்ற உறுப்பினர் பதவி, ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக) உறுப்பியம் மூன்றிலிருந்தும் அவர் விலகினார். கைதானது முதல் வாங்கிய சம்பளத்தையும் படியையும் திருப்பிக் கொடுத்தார். மார்ச்சில் இன்னும் 8 குற்றச்சாட்டுகள் சேர்ந்தன. இவை ஒரு கட்டுமான நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரிடமிருந்து வாங்கிய விஸ்கி, ஒயின், கோல்ஃப் மட்டைகள், பிராம்டன் சைக்கிள் பற்றியவை. அந்த நிறுவனம் தானா மேரா எம்ஆர்டி நிலையத்தில் வேலை எடுத்திருந்தது. நிலப் போக்குவரத்து ஆணையம் யாருடைய அமைச்சின் கீழ் வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக 35 குற்றச்சாட்டுகள். பொருள்களின் மதிப்பு 4 லட்சத்து 3 ஆயிரம் வெள்ளிக்கு மேல்.

சைக்கிள் மட்டுமே 7,907 வெள்ளி 50 காசு. ஒரு வருடத்துக்குப் பதினொரு லட்சம் வெள்ளியைத் தொடக்க நிலை அமைச்சருக்கான அளவாக 2012இல் நிர்ணயித்த நாடு இது. நேர்மையான ஆட்கள் பணத்துக்காகத் தடுமாறக் கூடாது என்பதுதான் அந்தச் சம்பளத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தச் சைக்கிளைச் சொந்தக் காசில் வாங்க அவருக்கு ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்திருக்காது. அதனால்தான் எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. சம்பளத்தை எவ்வளவு உயர்த்தினாலும், 'இவர் கொடுக்கிறார், வேண்டாம் என்றால் முகம் வாடும்' என்ற அந்தக் கணத்துக்கு அது தடுப்பாக நிற்காது.

165வது பிரிவும் உப்பும்

2024 செப்டம்பர் 24, விசாரணையின் முதல் நாள். எல்லாரும் நீண்ட வழக்கை எதிர்பார்த்திருந்தார்கள். நடந்தது வேறு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருந்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் அரசுத் தரப்பு குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 165வது பிரிவுக்கு மாற்றியது. ஈஸ்வரன் ஐந்து குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். நான்கு 165வது பிரிவின் கீழ், ஒன்று நீதிக்கு இடையூறு. மீதி 30 குற்றச்சாட்டுகள் தண்டனை விதிக்கும்போது கருத்தில் கொள்ளப்பட்டன.

'ஊழல்' என்ற சொல் வழக்கிலிருந்தே விழுந்துவிட்டதே என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் சட்டத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு கொடுக்கல் வாங்கலை நிரூபிக்க வேண்டும்: அவன் தனக்கு ஒன்றைச் செய்ய வேண்டும், அதற்காக இதைக் கொடுத்தான். கொடுத்தவரும் வாங்கியவரும் 'அப்படி எதுவும் இல்லை, நண்பர்கள்தான்' என்று ஒரே குரலில் சொல்லும்போது அந்த 'அதற்காக' என்ற ஒரு சொல்லை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம். தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகமும் ஏறத்தாழ இந்தக் காரணத்தைத்தான் சொன்னது. 165வது பிரிவுக்கு அந்தச் சொல் தேவையே இல்லை. நீ பொதுச் சேவையில் இருக்கிறாய். உன் அலுவலோடு சம்பந்தப்பட்ட ஆளிடமிருந்து விலைமதிப்புள்ள ஒன்றை விலை கொடுக்காமல், அல்லது குறைந்த விலைக்கு வாங்கினாய். சரி, குற்றம் அதோடு முழுமை. பதிலுக்கு எதுவும் செய்தாயா இல்லையா என்பது அடுத்த பேச்சு. அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சுதந்திர சிங்கப்பூரில் இந்தப் பிரிவின் கீழ் ஒருவர் மீது வழக்கு நடந்தது இதுவே முதல் தடவை. சட்டப் புத்தகத்தில் இருந்தும் யாரும் தொடாமல் கிடந்த பிரிவு.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்கு வக்கீல் தேவையில்லை என்பது என் எண்ணம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். ஒருவன் கையால் சாப்பிட்டால் அவனுக்கு எதிராக நிற்க மனசு வராது, வரவும் கூடாது என்பது நம் அறம். மொய் நோட்டில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு வெள்ளி கூடப் போட்டு எழுதுகிறோம். நம் வீட்டுக்குள் இது அழகான பழக்கம். ஆனால் இதே காரணத்தால்தான், கையெழுத்துப் போடும் நாற்காலியில் இருப்பவன் அந்த உப்பைத் தொடவே கூடாது. உப்பு வேலை செய்யும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். 165வது பிரிவு நம் பழமொழியை அப்படியே நம்புகிறது. அதனால்தான் பதிலுக்கு என்ன செய்தாய் என்று கேட்காமல் வாங்கினாயா என்று மட்டும் கேட்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும். எங்களுக்குச் சாயம் பூசும் வேலையும் சிறு பழுது வேலையும் எடுத்துச் செய்யும் ஒருவர் கவுண்டருக்கு வந்தார். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சிறியவர். ஒரு பெரிய அட்டைப் பெட்டியை வைத்தார். மேலே முறுக்கும் ஜிலேபியும். போன பிறகு பெட்டியைப் பிரித்தால் கீழே மெல்லிய தாளில் சுற்றி ஒரு பட்டுச் சேலை. அரக்குக் கரை, மயில் பச்சை உடல். ஓடிப்போய் அவரை மின்தூக்கி வாசலில் பிடித்தேன். "அண்ணே, அண்ணிக்குத்தான். நல்ல நாளும் பெரிய நாளுமா வேணாம்னு சொல்லாதீங்க" என்றார். கண்ணில் உண்மையான அன்பு இருந்தது. அதை நான் இன்றைக்கும் சந்தேகிக்கவில்லை.

என் மேலதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. நாங்கள் எல்லாரும் 'காக்' (அக்கா) என்றுதான் கூப்பிடுவோம். சேலையைப் பார்த்தார், ஒன்றும் திட்டவில்லை. இழுப்பறையிலிருந்து தடிமனான நீல நோட்டை எடுத்து வைத்து, "துலீஸ்" என்றார். எழுது. யார் கொடுத்தது, என்றைக்கு, என்ன பொருள், என்ன விலை. விலை தெரியவில்லை என்றேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு சேலைக் கடைக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னார். 180 வெள்ளி. அந்த 180ஐக் கட்டிச் சேலையை எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுத்தேன். முறுக்கைப் பிரிவில் எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டோம், அதுவும் நோட்டில் ஏறியது. சேலையைத் திரும்ப வாங்கிய நாளில் அவர் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. தைப்பூசத்தில் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் என் மனைவியும் "அன்போட கொடுத்ததை இப்படியா?" என்று கேட்டாள்.

அடுத்த மார்ச்சில் அவருடைய ஏலப்புள்ளி உறை என் முன்னால் வந்தது. விலை மூன்றாவது இடத்தில் இருந்தது. குறைந்த விலைக்காரருக்கு வேலை போனது. அந்த மயில் பச்சைச் சேலை என் வீட்டு அலமாரியில் இருந்திருந்தால், உறையைப் பிரித்த கை எப்படி இருந்திருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். 180 வெள்ளிக்கே இப்படி என்றால், தனி விமானத்தில் போனவர் அடுத்த மாதம் அதே ஆளின் ஒப்பந்தக் கோப்பைத் திறக்கும்போது?

பன்னிரண்டு மாதம்

2024 அக்டோபர் 3இல் நீதிபதி வின்சென்ட் ஹூங் 12 மாதச் சிறைத்தண்டனை விதித்தார். அரசுத் தரப்பு கேட்டது 6 முதல் 7 மாதம். தற்காப்பு வழக்கறிஞர் டவிந்தர் சிங் கேட்டது, சிறை என்றால் 8 வாரத்துக்கு மிகாமல். அரசுத் தரப்பு கேட்டதைவிட நீதிபதி ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுப்பது அடிக்கடி நடப்பதில்லை. பதவி எவ்வளவு உயரமோ குற்றத்தின் கனமும் அவ்வளவு என்பது அவர் வாதத்தின் நடு. பொது அமைப்புகள் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை போய்விட்டால் ஆட்சியே நிற்காது என்றும் சொன்னார். இன்னொரு இடமும் முக்கியமானது. குற்றச்சாட்டுகளை மறுத்தும், தான் விடுவிக்கப்படுவோம் என்று நம்பியும் ஈஸ்வரன் முன்பு பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதை வைத்துப் பார்க்கும்போது அவர் வருந்துகிறார் என்று ஏற்பது கடினம் என்றார் நீதிபதி. 380,000 வெள்ளிக்கு மேல் அவர் அரசிடம் திருப்பிச் செலுத்தியிருந்தார். அதற்கும் பெரிய சலுகை கிடைக்கவில்லை. திரும்பவும் அதே காசோலைப் பாடம்.

அக்டோபர் 7இல் சிறைக்குப் போனார். மேல்முறையீடு செய்யவில்லை, மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதை மதிக்கிறேன். 2025 பிப்ரவரியில் வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்டு, ஜூனில் தண்டனை முடிந்தது. கொடுத்தவரான ஓங் பெங் செங், நீதிக்கு இடையூறு செய்ய உடந்தையாக இருந்ததை ஒப்புக்கொண்டார். ரத்தப் புற்றுநோய் காரணமாக நீதிமன்றம் கருணை காட்டி, 2025 ஆகஸ்ட் 15இல் 30,000 வெள்ளி அபராதத்தோடு விட்டது. நோயாளிக்குக் கருணை காட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாங்கியவன் சிறைக்குப் போனான், கொடுத்தவன் அபராதம் கட்டினான் என்றுதான் காப்பிக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை வாயடைத்துவிட முடியாது.

பழைய வழக்குகளையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1966இல் முன்னாள் அமைச்சர் டான் கியா கான், விமானக் கொள்முதல் விவகாரம். வழக்குப் போட ஆதாரம் போதவில்லை, இருந்தும் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கினார்கள். 1975இல் துணை அமைச்சராக இருந்த வீ டூன் பூன், பங்களா வீடு உட்பட 8 லட்சம் வெள்ளிக்கு மேல் வாங்கியதற்காக நாலரை வருடம், மேல்முறையீட்டில் 18 மாதமானது. தொழிற்சங்கப் பணத்தில் கை வைத்த பே யூ கொக் 1980இல் நாட்டைவிட்டு ஓடி, 35 வருடம் கழித்து 2015இல் பேங்காக் தூதரகத்தில் சரணடைந்தார். திரும்பி வந்து 60 மாதச் சிறை. 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான், நில விவகாரத்தில் இரண்டு தடவை லஞ்சம் வாங்கியதாக விசாரிக்கப்பட்டபோது உயிரை மாய்த்துக்கொண்டார். வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போகவில்லை, மறு வருடம் விசாரணை ஆணையம் அமைத்தார்கள்.

இவர்கள் அத்தனை பேரும் ஆளும் கட்சி. இதை வைத்து 'பாருங்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் சுத்தம்' என்று ஒரு சாரார் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு சரியில்லை. எதிர்க்கட்சிக்கு அமைச்சு இல்லை, நிலம் இல்லை, ஒப்பந்தக் கோப்பு இல்லை. விற்க ஒன்றும் கையில் இல்லாதவரை லஞ்சம் தேடி வராது. அவர்கள் கையில் பொதுப் பணம் புழங்குவது, குடியிருப்புப் பேட்டைகளைப் பராமரிக்கும் நகர மன்றத்தில்தான். அங்கே என்ன நடந்தது? 2011இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியை (பலர் ஒரே அணியாக நின்று வெல்லும் தொகுதி) வென்ற பாட்டாளிக் கட்சி, ஏலப்புள்ளி கேட்காமல் தனக்கு வேண்டியவர்களின் நிறுவனத்துக்கு நிர்வாகப் பொறுப்பைக் கொடுத்தது. வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. அந்த நியமனத்தை நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள் என்று 2022 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே சமயம் சில விஷயங்களில் கவனக்குறைவு இருந்ததாகவும் சொன்னது. இது ஊழல் இல்லை. அதே நேரம், கொள்முதலில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏலப்புள்ளியைத் தாண்டிப் போவது நல்ல பழக்கமும் இல்லை. எங்கள் காக் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்.

அப்புறம் பிரித்தம் சிங் வழக்கு. ஈஸ்வரனுக்குத் தண்டனை கிடைத்து பதினோராவது நாள், 2024 அக்டோபர் 14இல், பாட்டாளிக் கட்சித் தலைவரும் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவருமான அவர் மீதான விசாரணை தொடங்கியது. இரண்டு செய்தியும் ஒரே மாதத்தில் வந்ததால் பலர் மனதில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போனது. என் அக்கா மகன், தேசிய சேவையில் இருப்பவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டான்: "மாமா, அவரும் காசு வாங்கிட்டாரா?" இல்லப்பா, அது வேறு என்றேன்.

பாட்டாளிக் கட்சியின் செங்காங் உறுப்பினர் ரயீசா கான் 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஒரு பொய்யைச் சொன்னார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒருவரோடு காவல் நிலையம் போனதாகச் சொன்னது. நவம்பர் 1இல் அதை ஒப்புக்கொண்டார், அந்த மாத முடிவில் பதவி விலகினார், அவருக்கு 35,000 வெள்ளி அபராதம். அந்தப் பொய் தெரிந்த பிறகு கட்சித் தலைவர் எப்படி நடந்துகொண்டார் என்று விசாரித்த நாடாளுமன்றச் சிறப்புரிமைக் குழுவிடம் பிரித்தம் சிங் பொய் சொன்னார் என்பதே குற்றச்சாட்டு. 2025 பிப்ரவரி 17இல் இரண்டு குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் 7,000 வெள்ளி. ஒரு தனிக் குற்றத்துக்கு 10,000 வெள்ளி வந்தால்தான் பதவி போகும் என்பதால் நாடாளுமன்ற இடம் தப்பியது. டிசம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

ஒருவர் உப்பை வாங்கினார், இன்னொருவர் உண்மையை மறைத்தார். இரண்டையும் 'அரசியல்வாதிகள் ஊழல்' என்று ஒரே மூட்டையில் கட்டினால், நிஜமாகவே காசு வாங்கியவனுக்குத்தான் அது வசதி. கூட்டத்தில் அவன் முகம் தெரியாது. பொய் சின்னக் குற்றம் என்று சொல்லவில்லை. பொய்க்குப் பொய் என்றே பெயர் வைத்து, அதற்குரிய கனத்தோடு கேட்க வேண்டும். மசெக ஆதரவாளர் ஈஸ்வரனைப் பேசும்போது குரலைத் தாழ்த்துவதும், பாட்டாளிக் கட்சி ஆதரவாளர் பிரித்தம் சிங்கைப் பேசும்போது 'அரசியல் பழிவாங்கல்' என்று ஒரு சொல்லில் முடிப்பதும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது.

பழிவாங்கல் என்ற சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் பெரியவர்கள் அன்றைய பாட்டாளிக் கட்சித் தலைவர் ஜே. பி. ஜெயரத்னத்தை மறக்கவில்லை. 1986இல் கட்சிக் கணக்கு பற்றித் தவறான உறுதிமொழி கொடுத்தார் என்று ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம். அன்றைய எல்லை 2,000 என்பதால் ஆன்சன் தொகுதி கையைவிட்டுப் போனது. இரண்டு வருடம் கழித்து, வழக்கறிஞர் பட்டியலில் அவரைத் திரும்பச் சேர்த்த, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், அவருக்குப் பெரிய அநீதி நடந்திருக்கிறது என்று எழுதியது. அந்தத் தழும்பு இருக்கும்வரை, எதிர்க்கட்சி ஆள் கூண்டில் ஏறும் ஒவ்வொரு தடவையும் சந்தேகம் எழும்.

புலனாய்வுப் பிரிவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1952இல் அது பிறந்ததற்குக் காரணமே, காவல்துறை ஆட்களுக்குப் பங்கிருந்த ஒரு அபின் கொள்ளைதான். தன் வீட்டுத் திருடனைத் தானே பிடிக்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டார்கள். இன்றைக்கு அது பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. பிரதமர் அனுமதி மறுத்தால் அதிபரின் ஒப்புதலோடு விசாரணையைத் தொடரலாம் என்ற காப்பு 1991 முதல் அரசியலமைப்பில் உண்டு. ஈஸ்வரன் வழக்கில் அது தேவைப்படவில்லை. ஒரே நாளில் ஒப்புதல் வந்தது.

இந்த இரண்டு வழக்கிலும் யாரும் அதிகம் பேசாத ஒரு பொது அம்சம் உண்டு. ஈஸ்வரன் விலகியபோது வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் ஐந்து பேர் நான்கானார்கள். ரயீசா கான் விலகியபோது செங்காங்கில் நான்கு பேர் மூன்றானார்கள். இரண்டு இடத்திலும் இடைத்தேர்தல் இல்லை. 2020இல் வெஸ்ட் கோஸ்ட்டை ஆளும் கட்சி வென்றது 51.68 விழுக்காட்டில், நாட்டிலேயே கடும் போட்டிகளில் ஒன்று. அவ்வளவு நெருக்கமாக வாக்களித்த மக்களுக்கு, தாங்கள் தேர்ந்தெடுத்தவர் போன பிறகு மறுபடியும் கேட்கப்படும் உரிமை இல்லை. 2025 மே வரை காத்திருந்தார்கள். அதற்குள் தொகுதியின் பெயரும் எல்லையும் மாறிவிட்டன. இரண்டு கட்சிகளின் வாக்காளர்களும் ஒரே விலையைக் கொடுத்தார்கள். குழுத்தொகுதியில் ஓர் உறுப்பினர் குற்றத்தாலோ பொய்யாலோ விலகினால் அந்த இடத்துக்கு மட்டுமாவது தேர்தல் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சட்டச் சிக்கல் உண்டு, தெரியும். சிக்கலைத் தீர்ப்பதுதானே சட்டம் இயற்றுபவர்களின் வேலை.

இன்னொன்று அன்பளிப்புப் பதிவு. நம் அமைச்சர்கள் தங்கள் சொத்து விவரத்தைப் பிரதமரிடம் ரகசியமாக அறிவிக்கிறார்கள். வாக்காளர் கண்ணுக்கு அது வருவதில்லை. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் நலன் பதிவேடு எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்படுகிறது, ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். இங்கேயும் அது வர வேண்டும். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, நியமன உறுப்பினர் என்று யாருக்கும் விலக்கில்லாமல். யார் கொடுத்தார், என்றைக்கு, என்ன பொருள், என்ன விலை. டோஹா பயணம் 2022 டிசம்பரிலேயே அப்படி ஒரு பக்கத்தில் ஏறியிருந்தால், அடுத்த மே மாதத்தில் அந்தக் காசோலைக்கு வேலையே இருந்திருக்காது.

எங்கள் பிரிவின் நீல நோட்டு பூட்டி வைக்கப்படவில்லை. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களில் காக் அதை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கவுண்டர் மேலேயே போட்டுவைப்பார். சேலைக்காரர் அடுத்த தீபாவளிக்கு வந்தபோது ஒரு டப்பா முறுக்கு மட்டும் கொண்டுவந்தார். என்னிடம் பேசாமலேயே நோட்டைத் தன் பக்கம் திருப்பி, போன வருடத்துப் பக்கத்தைத் தேடி எடுத்து, தன் பெயருக்கு எதிரே 'திருப்பித் தரப்பட்டது' என்று எழுதியிருப்பதைப் படித்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, புதுப் பக்கத்தில் தானே எழுதினார்: முறுக்கு, ஒரு டப்பா, 6 வெள்ளி.